மொழி அறியாதவர் கற்பித்த திரைமொழி

செஞ்சிக்குக் கிழக்கே சில கல் தொலைவில் உள்ள மேல்சித்தாமூர், தமிழ்ச் சமணர்களின் மடம் அமைந்த ஊர். அங்குள்ள பார்சுவநாதர் கோயிலின் கோபுரமும் செஞ்சிக் கோட்டையின் மதில்களும் இன்றைய கல்லூரி மாணவர்களின் பாடல் காணொலிகளுக்கு விருப்பமான பின்புலம். கையில் கைப்பேசி, மனத்தில் ஒரு மெட்டு, ஒரு நாள் வெளிச்சம் என்றால் போதும். மாலைக்குள் படப்பிடிப்பு முடிந்துவிடும். கருவி எளிதாகிவிட்டது. ஆனால் பாடல் நிலவைச் சொன்னால் நிலவும், கண்ணீரைச் சொன்னால் கண்ணீருமே திரையில் வருகின்றன. செவி அறிந்ததையே கண்ணும் மீண்டும் அறிகிறது. பாடலுக்குப் படம் எதற்கு என்ற அடிப்படைக் கேள்வி கேட்கப்படாமலே போகிறது.

அந்தக் கேள்வியைத் தமிழ்த் திரையில் முதலில் எழுப்பியவர்களுள் ஒருவர், தமிழில் ஒரு வரிகூடப் பேசத் தெரியாத அமெரிக்கர். அவர் பெயர் எல்லிஸ் ஆர். டங்கன்.

1909-இல் ஓஹியோ மாநிலத்தின் பார்ட்டன் என்னும் சிற்றூரில் பிறந்த டங்கன், தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் திரைக்கலை பயின்றார். திரைப்படத்தைப் பல்கலைக்கழகப் பாடமாக ஏற்பதற்கே உலகம் தயங்கிய காலம் அது. உடன் பயின்ற மாணிக்லால் டாண்டனின் அழைப்பை ஏற்று 1935-இல் அவர் இந்தியா வந்தார். சில மாதங்கள் இருந்துவிட்டுத் திரும்புவதாக எண்ணி வந்தவரை இந்நாடு பதினைந்து ஆண்டுகள் பிடித்துவைத்துக்கொண்டது.

அவர் வந்தபோது தமிழில் பேசும்படத்துக்கு வயது நான்கு. நாடக மேடையை அப்படியே படம்பிடிப்பதே அன்றைய வழக்கம். 1934-இல் வெளிவந்த பவளக்கொடியில் ஏறத்தாழ ஐம்பது பாடல்கள். பாடகர் நின்றார், பாடினார். கேமராவும் எதிரே நின்றது. இத்தகைய சூழலில்தான், டாண்டனின் பரிந்துரையால், 1936-இல் சதிலீலாவதியை இயக்கும் வாய்ப்பு டங்கனுக்குக் கிடைத்தது. எம்.ஜி.ஆர்., டி.எஸ்.பாலையா ஆகியோர் அறிமுகமான படம் அது. உரையாடலை ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு, உதவியாளர்கள் மொழிபெயர்க்க அவர் வேலை செய்தார். சொல் புரியாததால் முகத்தையும் அசைவையும் கூர்ந்து கவனிக்க வேண்டியிருந்தது. அந்தக் குறையே அவருடைய பலமாயிற்று எனலாம். மேடைக்கு எதிரே அமர்ந்திருந்த கேமராவை அவர் எழுப்பி நடக்க வைத்தார். அண்மைக் காட்சிகளுக்கு இடம் தந்தார். 1937-இல் தியாகராஜ பாகவதர் நடித்த அம்பிகாபதிக்காக ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட்டை வசனகர்த்தா இளங்கோவனிடம் காட்டி, அந்த நயத்தைத் தமிழில் கொண்டுவரச் செய்தார்.

பாடல் காட்சியில் அவருடைய சிந்தனை முழுமையாக வெளிப்பட்டது 1945-இல் வெளிவந்த மீராவில். படப்பிடிப்புக்கு முன் எம்.எஸ்.சுப்புலட்சுமியின் மார்பளவுச் சிலையொன்றைச் செய்யவைத்து, ஒளிப்பதிவாளர் ஜிதன் பானர்ஜியுடன் சேர்ந்து வெவ்வேறு கோணங்களிலும் ஒளியமைப்புகளிலும் அதைப் படமெடுத்துப் பார்த்தார். எந்த ஒளியில் அந்த முகம் பக்தியாகத் தெரியும் என்பதை முன்கூட்டியே அறிய விரும்பினார். அப்படத்தில் ஒரு பாடலைச் சிறுமி ராதா பாடத் தொடங்குகிறார்; பாடல் முடிவதற்குள் அவர் எம்.எஸ். ஆகிவிடுகிறார். பல ஆண்டுகள் கடந்ததை விளக்க ஒரு வசனமும் தேவைப்படவில்லை. பாடல் சொல்லாத காலத்தைப் படம் சொல்லிற்று.

இதற்கான கோட்பாடு அதற்கு முன்பே உலகில் பேசப்பட்டதுதான். ஒரு காட்சியின் பொருள் அதற்கு அடுத்து வரும் காட்சியால் பிறக்கிறது என்பதை ரஷ்யாவின் குலெஷோவ் தம் மாணவர்களோடு சோதித்துக் காட்டினார். திரையில் ஒலி நுழைந்தபோது, 1928-இல் ஐசன்ஸ்டைன், புதோவ்கின், அலெக்சாந்திரவ் மூவரும் ஓர் அறிக்கை வெளியிட்டனர். ஒலி காட்சியின் எதிரொலியாக மட்டும் இருந்தால் திரைக்கலை தேய்ந்துவிடும். இரண்டும் ஒன்றோடொன்று மோத வேண்டும் என்பது அதன் சாரம்.

இம்மோதலைத் தமிழர்கள் தெளிவாகக் கண்டது 1950-இல் வெளிவந்த மந்திரி குமாரியில். மனைவியைக் கொல்லும் எண்ணத்தோடு கணவன் அவளை மலையுச்சிக்கு அழைத்துச் செல்கிறான். திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடும் அந்தப் பாடலின் மெட்டோ இனிமையே உருவானது. செவிக்குக் காதல், கண்ணுக்குக் கொலைக்களம். எழுபத்தைந்து ஆண்டுகளாக அக்காட்சி மறக்கப்படாததற்கு அதுவே காரணம். இதன் புகழ் முழுவதும் டங்கனுக்கே உரியதன்று. மு.கருணாநிதியின் எழுத்தும் ஜி.ராமநாதனின் இசையும் அதில் உண்டு. படம் முடியும் முன்பே டங்கன் அமெரிக்கா திரும்ப, எஞ்சிய பகுதியை மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர்.சுந்தரம் முடித்தார், இருவர் பெயரிலும் படம் வெளியாயிற்று.

அவர் விமர்சனத்துக்கு அப்பாற்பட்டவரும் அல்லர். அதே ஆண்டில் வந்த பொன்முடியின் காதல் காட்சிகள் தமிழ்ப் பண்பாட்டுக்கு ஒவ்வாதவை என்று கண்டிக்கப்பட்டன. தாயகம் திரும்பியபின் மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் நகரில் ஆவணப்படங்கள் எடுத்து வாழ்ந்து, 2001-இல் மறைந்தார்.

மந்திரி குமாரியின் கதை குண்டலகேசியிலிருந்து வந்தது. அக்காப்பியத்தில் இன்று எஞ்சியிருப்பவை சில பாடல்களே. அதனோடு வாதிட எழுந்த சமண நூலான நீலகேசியும் அதன் உரையும் காக்கப்பட்டதால், எதிர்த்தரப்பின் கதையும் நமக்குக் கிடைத்தது. சமணர் போற்றிக் காத்த ஏட்டு மரபுக்கும் அந்த மலையுச்சிப் பாடலுக்கும் இப்படியொரு தொடர்பு உண்டு. மேல்சித்தாமூர்க் கோபுரத்தை வெறும் பின்புலமாக மட்டும் காணும் இளைஞருக்கு, அதன் நிழலில் வாழும் மரபுக்குள்ளேயே ஒரு பாடல் காட்சிக்கான கரு இருக்கிறது என்பதை யார் சொல்வது?

நம் பள்ளிகள் செய்யுளுக்கு நயம் காணக் கற்பிக்கின்றன. காட்சிக்கு நயம் காணக் கற்பிப்பதில்லை. நாள்தோறும் பல மணி நேரம் திரையைப் பார்க்கும் தலைமுறைக்கு இது சிறு குறையன்று. படிக்கத் தெரியாதவரைச் சொல்லால் ஏமாற்றுவது எளிது. பார்க்கத் தெரியாதவரைப் படத்தால் ஏமாற்றுவது அதனினும் எளிது. இதற்குப் பெரிய செலவு தேவையில்லை. மீராவின் அந்தப் பாடலை வகுப்பறையில் முதலில் ஒலியின்றியும் பிறகு ஒலியோடும் காட்டி, இரண்டுக்கும் இடையே என்ன நிகழ்ந்தது என்று ஆசிரியர் கேட்டாலே போதும். மொழி தெரியாத டங்கன் அப்படிப் பார்த்துத்தான் வேலை செய்தார். மொழி தெரிந்த நம் பிள்ளைகள் அவரினும் ஒருபடி மேலே செல்ல முடியும்.