காந்தியடிகள் கற்ற இலத்தீன்

1890-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் இலண்டன் பல்கலைக் கழகம் நடத்திய மெட்ரிகுலேஷன் பரீட்சைக்கு இந்திய மாணவர் ஒருவர் சென்றிருந்தார். வயது 20. பாரிஸ்டர் ஆவதற்காகக் கடல் கடந்து வந்தவர். பரீட்சை முடிவு வெளிவந்தபோது அவர் தேறவில்லை. அவரைக் கவிழ்த்த பாடம் இலத்தீன். மாணவரின் பெயர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி.

தண்டி யாத்திரையை நாம் அறிவோம். எரவாடாச் சிறையை அறிவோம். இந்தத் தோல்வியைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. பேசத்தக்கது என்றே நான் நினைக்கிறேன். ஏனெனில் அப்பரீட்சையை அவர் எழுதவேண்டிய கட்டாயமே இல்லை. பாரிஸ்டர் ஆக அக்காலத்தில் வேண்டியிருந்தவை இரண்டு. சட்டக் கழகத்தில் பன்னிரண்டு பருவங்கள் விருந்துண்டு முறையை நிறைவேற்றவேண்டும். ரோமானியச் சட்டம், இங்கிலாந்தின் பொதுச் சட்டம் ஆகியவற்றில் பரீட்சை கொடுக்கவேண்டும். ரோமானியச் சட்டத்தில் நூற்றுக்கு 95 பேருக்குக் குறையாமல் தேறுவார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். இத்தனை எளிய பாதை முன்னே கிடக்க, வலியச் சென்று இலத்தீனில் அகப்பட்டுக்கொண்டார் அவர்.

அவர் மொழிப் பாடங்களில் சூரர் என்று எண்ணிவிட வேண்டாம். இராஜகோட்டையில் பள்ளியில் படித்தபோது வடமொழி அவரை மிகவும் வருத்தியது. எல்லாவற்றையும் நெட்டுருப் போடவேண்டும், ஆசிரியரோ கண்டிப்பானவர். பாரசீகம் எளிது, அதன் ஆசிரியரும் நல்லவர் என்று பிள்ளைகள் சொல்லக் கேட்டு, ஆறாம் வகுப்பில் ஒருநாள் மோகன்தாஸ் பாரசீக வகுப்பில் போய் உட்கார்ந்துவிட்டார். வடமொழி ஆசிரியர் கிருஷ்ணசங்கர பாண்டியா மனம் வருந்தி அவரை அழைத்துப் பேசினார். அந்த அன்பைக் கண்டு வெட்கிப் பையன் திரும்பி வந்தான். பின்னாளில் அந்த ஆசிரியரை நன்றியுடன் நினைத்துக்கொண்டார். பவநகரத்தில் சாமள்தாஸ் கல்லூரியில் 1888-இல் சேர்ந்தபோது பாடங்கள் ஒன்றும் புரியவில்லை. ஒரு பருவம் முடிந்ததும் வீடு திரும்பினார். அவ்வாண்டு செப்டம்பர் 4-ஆம் நாள் பம்பாயில் கப்பல் ஏறினார்.

இலண்டனில் முதலில் பிடித்த பைத்தியம் வேறு. ஆங்கிலக் கனவானாக மாறவேண்டும் என்ற ஆசையில் உயர்ந்த பட்டுத் தொப்பி வாங்கினார். நடனம் பயிலப் பணம் கட்டினார். பியானோவின் தாளம் காதில் ஏறவில்லையென்று பிடில் வாங்கினார். சொற்பொழிவுக் கலைக்கும் ஓர் ஆசிரியரைத் தேடிக்கொண்டார். இந்த மயக்கம் மூன்று திங்கள் நீடித்தது. தெளிந்தபின், படிப்புக்கு ஏதேனும் செய்யவேண்டும் என்ற எண்ணம் வந்தது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் என்றால் காலமும் பணமும் போதா. நண்பர் ஒருவர்தாம் இலண்டன் மெட்ரிகுலேஷனைச் சொன்னார். உழைப்பு மிகுதி, செலவு குறைவு. பாடத்திட்டத்தைப் பார்த்து மோகன்தாஸ் திடுக்கிட்டார். இலத்தீனும் இக்கால மொழி ஒன்றும் கட்டாயம். சட்ட நூல்களைப் புரிந்துகொள்ள இலத்தீன் உதவும், ஆங்கிலத்திலும் கை தேறும் என்று நண்பர் எடுத்துக் கூறவே இணங்கினார். பரீட்சைக்கு இருந்தவை ஐந்தே திங்கள்.

அந்த ஐந்து திங்களில் என்ன கற்கவேண்டியிருந்தது என்று சற்றுப் பார்ப்போம். இலத்தீன் வினைச்சொல் நம் தமிழ் வினையைப் போலவே தன் விகுதியில் ஆளைச் சுமந்து வரும். நேசிக்கிறேன் என்பதற்கு அமோ, நேசிக்கிறாய் என்பதற்கு அமாஸ், நேசிக்கிறான் என்பதற்கு அமத். பன்மையில் அமாமுஸ், அமாதிஸ், அமந்த். நான், நீ என்று தனியே சொல்லவேண்டிய அவசியமில்லை. வடமொழி கற்றவருக்கு இவ்விகுதிகள் தூரத்து உறவினர் முகம்போல் தோன்றும். அங்கே அஸ்தி, சந்தி. இங்கே எஸ்த், சுந்த். இதுவரை மகிழ்ச்சிதான்.

தொல்லை இனிமேல் தொடங்குகிறது. இலத்தீன் வினைகள் நான்கு வகுப்புக்களாகப் பிரிகின்றன. மோனேஸ் என்றால் அறிவுறுத்துகிறாய் என்று நிகழ்காலம். ரெகேஸ் என்றால் ஆள்வாய் என்று எதிர்காலம். இரண்டுக்கும் ஈறு ஒன்றே, வகுப்பு வேறு. எந்த வினை எந்த வகுப்பு என்று மனத்தில் பதிந்திராவிட்டால் இன்றைக்கும் நாளைக்கும் வேற்றுமை தெரியாமல் போய்விடும். ஆகவே ஒவ்வொரு வினைக்கும் நான்கு அடிப்படை வடிவங்களை மனப்பாடம் செய்வது வழக்கம். அவற்றிலும் ஒழுங்கற்றவை உண்டு. சுமக்கிறேன் என்பது பெரோ. சுமந்தேன் என்பது துலி! நம் வினைகளில் வா என்பது வருகிறான், வந்தான் என்று திரிவதைக் கண்டு வேற்று மொழியார் விழிப்பதுபோல இங்கே நாம் விழிக்கவேண்டும். செயப்பாட்டு வினைக்குத் தனி விகுதிகள். செயப்பாட்டு உருவத்தில் நின்று செய்வினைப் பொருளைத் தருகிற வினைகள் வேறு. எண்ணிப் பார்த்தால் ஒரு வினைக்கே காலமும் இடமும் எண்ணும் சேர்ந்து ஏறத்தாழ 120 வடிவங்கள் வருகின்றன. இந்தி வினையில் ஆண்பாலையும் பெண்பாலையும் மாற்றிப் போட்டு விடுதிக் காவலர் சிரிக்கக் கேட்ட நம் சங்கத்து அன்பர்கள் இதன் கனத்தை உணர்வார்கள்.

மோகன்தாஸ் தனியார் வகுப்பு ஒன்றில் சேர்ந்து நிமிடக் கணக்கில் அட்டவணை போட்டுப் படித்தார். நினைவாற்றல் கைகொடுக்கவில்லை. இலத்தீனோடு பிரெஞ்சும் மற்றப் பாடங்களும் சேர்ந்து அழுத்தின. ஜனவரியில் தோற்றார்.

தோற்றவர் வருந்தினார், ஆனால் விடவில்லை. காரணம் வெறும் பிடிவாதம் அன்று. இதற்குள் இலத்தீனில் அவருக்குச் சுவை பிறந்துவிட்டது. இரண்டாம் முறை எழுதினால் பிரெஞ்சும் மேம்படும் என்று கருதினார். முதல் முறை எடுத்திருந்த இரசாயனத்தை விட்டுவிட்டு வெப்பமும் ஒளியும் என்ற பாடத்தை எடுத்துக்கொண்டார். இரசாயனத்தை மாற்றிய மனிதர், தம்மைக் கவிழ்த்த இலத்தீனை மாற்ற முடியாது என்பதையும் நாம் நினைவில் வைக்கவேண்டும். அதை நேருக்கு நேர் சந்தித்தே ஆகவேண்டும்.

அடுத்து அவர் செய்த காரியம் இலக்கணத்தோடு தொடர்பில்லாததுபோல் தோன்றும். இரண்டு அறைகளை விட்டு ஓர் அறைக்குக் குடிபோனார். அடுப்பு ஒன்று வாங்கிக் காலையில் ஓட்ஸ் கஞ்சியும் கோக்கோவும் தாமே காய்ச்சிக்கொண்டார். பகலில் வெளியே உணவு. இரவில் ரொட்டியும் கோக்கோவும். நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங் மூன்று பென்சில் காலம் தள்ளினார். வண்டிக்குக் கொடுக்காமல் நடந்தார். குடும்பத்தின் பணத்தைப் பற்றிய கவலை இதில் உண்டு. படிப்புக்கு நேரம் மிச்சமாயிற்று என்பதும் உண்டு. பிற்காலத்து ஆசிரம வாழ்வின் வித்து இந்த ஒற்றையறையில் விழுந்தது என்று கூறுவோர் உளர். 1890 ஜூனில் மீண்டும் எழுதினார், தேறினார்.

அந்த இலத்தீனை அவர் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. சட்டப் பரீட்சைக்கு மாணவர் பலரும் குறிப்பு நூல்களை வாங்கி இரண்டு வாரத்தில் ரோமானியச் சட்டத்தை முடித்துவிடுவார்கள். மோகன்தாஸ் பாட நூல்களைப் பணம் கொடுத்து வாங்கினார். வாங்கியதைப் படிக்காமல் விடுவது மோசடி என்று கருதினார். ரோமானியச் சட்டத்தை இலத்தீனிலேயே படித்தார். ஆறாம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் பேரரசர் தொகுப்பித்த சட்டம் அது. அடிமை யார், உரிமையாளர் யார், கடன் எவ்வாறு பிறக்கிறது, எவ்வாறு தீர்கிறது என்று அடுக்கிச் செல்லும் அந்நூலில் வினை விகுதி ஒன்று பிசகினால் கடன்பட்டவன் கடன் கொடுத்தவன் ஆகிவிடுவான். 1891 ஜூன் 10-ஆம் நாள் பாரிஸ்டர் பட்டம் பெற்றார். 12-ஆம் நாள் தாயகத்துக்குக் கப்பலேறினார்.

பம்பாயில் அந்தப் படிப்பு சோறு போடவில்லை. 1893-இல் ஒரு வழக்குக்காகத் தென்னாப்பிரிக்கா சென்றார். அங்கேதான் விந்தை. அந்நாட்டின் பொதுச் சட்டம் ஆங்கிலச் சட்டம் அன்று; டச்சுக்காரர் கொண்டுவந்த ரோமன்-டச்சுச் சட்டம். அதன் வேர் ஜஸ்டினியன். இலண்டனில் பட்ட பாடு அங்கே கைகொடுத்தது என்று அவரே தம் வரலாற்றில் குறித்திருக்கிறார். 1894-இல் நேட்டால் உச்ச நீதிமன்றத்தில் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டார்.

அந்நாட்டில்தான் நம் மொழியும் அவரைச் சந்தித்தது. ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றிருந்த தமிழர் துயரோடு அவரிடம் வந்தார்கள். 1896-இல் இந்தியாவுக்குத் திரும்பும் கப்பலில், தமிழைத் தானே பயிலும் நூல் ஒன்றை வைத்துக்கொண்டு படித்தார். உடன் பயணம் செய்த ஆங்கில அதிகாரி ஒருவரும் அவருமாக உருதும் பயின்றனர். அந்த அதிகாரி ஒருமுறை பார்த்த சொல்லை மறக்கமாட்டார். காந்தியடிகளுக்கோ எழுத்துக்களைக் கூட்டுவதே பாடாக இருந்தது. விடாமுயற்சியால்கூட அவரை எட்ட முடியவில்லை. பின்னர்த் தென்னாப்பிரிக்கச் சிறைகளில் தமிழைத் தொடர்ந்தார். போப்பையரின் தமிழ்ப் பயிற்சி நூலைத் தாண்டி அவர் சென்றதில்லை. இலத்தீனுக்குக் கிடைத்த ஒழிந்த மாதங்கள் தமிழுக்குக் கிடைக்கவில்லை. இதை எண்ணும்போது எனக்குக் கொஞ்சம் வருத்தமே.

1910-இல் ஜோகன்னஸ்பர்க்குக்கு அருகே டால்ஸ்டாய் பண்ணை தோன்றியபோது, அங்கிருந்த குழந்தைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பவரும் அவரே ஆனார். பிள்ளைகள் தென்னாப்பிரிக்காவிலேயே பிறந்தவர்கள், எழுத்து அறியார். எழுத்தையும் தொடக்க இலக்கணத்தையும் கற்பித்தார். தமக்குத் தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டிக்கொள்ளவில்லை. பேச்சுத் தமிழில் தம்மை எந்நாளும் வென்றுவிடுவார்கள் என்பது அவருக்கும் தெரியும், பிள்ளைகளுக்கும் தெரியும். ஆங்கிலம் அறியாத தமிழர் எவரேனும் அவரைக் காண வந்தால், காலையில் அவரிடம் எழுத்துக் கூட்டிப் படித்த மாணவனே பக்கத்தில் நின்று மொழிபெயர்த்துச் சொல்வான்.