கடுங்குளிரைக் காத்த குடுவை

நோயாளியின் கட்டிலருகே வைக்கப்படும் சுடுநீர்ப் போத்தலை அறியாதார் இலர். அது சுடுநீருக்கென ஆக்கப்பட்டதன்று. மிகக் குளிர்ந்த திரவங்களை ஆய்வுகூடத்தில் வைத்துக் காப்பதற்கென ஆக்கப்பட்டது என்பதை அறிந்தோர் சிலரே. அதனை ஆக்கியவர் சேர் ஜேம்ஸ் டீவார் என்னும் இரசாயன அறிஞர்.

இவர் 1842ஆம் ஆண்டு செப்ரெம்பர் 20ஆம் நாள் ஸ்கொட்லாந்தின் கின்காடின் என்னும் ஊரிற் பிறந்தார். பத்து வயதில், உறைந்த நீர்ப்பரப்பின் மேல் நடக்கையிற் பனிக்கட்டி உடைந்து நீருள் வீழ்ந்தார். அதனால் வந்த வாதக் காய்ச்சல் அவரை நெடுநாள் முடமாக்கிற்று. அந்நாட்களில் ஊர்த் தச்சரிடம் வயலின் செய்யக் கற்றார். தம் கைத்திறனுக்கு அதுவே வித்து எனப் பிற்காலத்தில் அவர் கருதினார்.

எடின்பரோவிற் கற்றுத் தேறி, 1875இல் கேம்பிரிஜிலும் 1877இல் இலண்டன் இராயல் இன்ஸ்ரிரியூஷனிலும் பேராசிரியரானார். ஒட்சிசனைத் திரவமாக்கும் வழியைப் பிறர் முன்னரே கண்டிருந்தனர். அதனை வைத்திருக்கும் வழியைத்தான் எவரும் கண்டிலர். பூச்சியத்துக்குக் கீழ் 183 பாகையிற் கொதிக்கும் அத்திரவத்துக்கு நம் அறையின் காற்றே அடுப்பாகும். சாதாரண கண்ணாடிக் கலத்தில் வார்த்தால் கொதித்து மறையும். கலத்தின் புறத்தே படியும் உறைபனி பார்வையையும் மறைக்கும். 1892இல் டீவார் ஒரு கலத்தினுள் இன்னொரு கலத்தை வைத்து, இடையிலிருந்த காற்றை வெளியேற்றி மூடினார். வெற்றிடத்தின் வழியே வெப்பம் கடத்தப்படுவதில்லை. கதிர்வீசி வருவதைத் தடுக்க வெள்ளிப் பூச்சும் இட்டார். அக்குடுவையின் துணைகொண்டே 1898 மே 10ஆம் நாள், 180 வளிமண்டல அமுக்கத்தில் முன்னரே குளிர்விக்கப்பட்ட ஐதரசனை நுண்துளை வழியே விரியவிட்டு, ஏறத்தாழ 20 கன சென்ரிமீற்றர் திரவ ஐதரசனைப் பெற்றார். மறு ஆண்டில் அதனை உறையவும் செய்தார்.

இப்புகழுக்குக் கொடுத்த விலையையும் கூறல் வேண்டும். அவருடைய துணைவர்களான லெனொக்ஸ், ஹீத் ஆகிய இருவரும் ஆய்வுகூட வெடிப்புகளில் ஒவ்வொரு கண்ணை இழந்தனர். டீவாரோ கடுஞ்சினத்தவர், பிறரோடு புகழைப் பகிர எளிதில் உடன்படாதவர். அறிஞர் யாவரும் குணக்குன்றுகள் அல்லர்.

அவ்வாய்வுகூடத்தில் நிலவிய ஆபத்துகள் அக்குடுவையை இன்று கையாளும் மாணவருக்கும் உரியன. திரவ நைதரசன் ஆவியாகுங்கால் ஏறத்தாழ 700 மடங்காகப் பெருகும். ஆகவே குடுவையின் வாயை இறுக மூடுதல் அதனை வெடிகுண்டாக்குதலேயாம். நாம் மூடாவிடினும் காற்றின் ஈரம் கழுத்தில் உறைந்து தானே அடைப்பாகலாம். திரவ வளியில் நைதரசன் முந்தி ஆவியாகிவிட, எஞ்சுவதில் ஒட்சிசன் மிகும். எண்ணெயோ பஞ்சோ அங்கே கொடிய எரிபொருளாகும். வெற்றிடக் கண்ணாடி கீறலுற்றால் உள்நோக்கி நொறுங்கிச் சிதறும். எனவே புறத்தே கம்பிவலையோ நாடாவோ சுற்றுவர். கண்ணுக்குக் காப்பும், தேவையானபோது உடனே உதறிவிடத்தக்க தளர்ந்த கையுறையும் வேண்டும். திரவத்தை மெல்ல வார்க்க வேண்டும். சாளரம் மூடிய அறையிலோ நைதரசன் ஓசையின்றி மூச்சை அடைக்கும்; அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை.

டீவார் தம் குடுவைக்குக் காப்புரிமை பெற்றாரல்லர். 1903இல் ஜேர்மனியரான ரைனோல்ட் பேர்கர் அதனை உலோக உறையிலிட்டு வீட்டுப் பொருளாக்கிக் காப்புரிமை பெற்றார். தேர்மொஸ் என்னும் பெயர் உலகெங்கும் பரவிற்று. அவ்வாணிகத்தின் ஊதியத்தில் டீவாருக்குப் பங்கு கிட்டவில்லை. நோபெல் பரிசும் கிட்டவில்லை. ஆயினும் ஆய்வுகூடங்களில் அக்குடுவை இன்றும் டீவார் குடுவை என்றே வழங்குகிறது.

1923 மார்ச்சு 27ஆம் நாள், 46 ஆண்டுகள் பணியாற்றிய இராயல் இன்ஸ்ரிரியூஷனிலேயே, பதவியிலிருந்து ஓய்வு பெறாதவராய், தம் 80ஆம் வயதில் அவர் காலமானார்.