பேட்ரிக் வெஸ்டன் ஜாய்ஸ்: அயர்லாந்து ஆங்கில வழக்குகளைத் தொகுத்தவர்

முன்னுரை

ஒரு மக்கள் இனம் தன் தாய்மொழியிலிருந்து வேற்றுமொழிக்கு மாறும்போது தாய்மொழி முற்றிலும் மறைந்துவிடுவதில்லை. அதன் தொடரமைப்பும் மரபுத்தொடர்களும் புதிய மொழிக்குள் எஞ்சி நிற்கின்றன. அயர்லாந்து ஆங்கிலம் இதற்குத் தக்க சான்றாகும். அதன் வழக்குகளை விரிவாகத் தொகுத்த முன்னோடி பேட்ரிக் வெஸ்டன் ஜாய்ஸ் (1827–1914). இவர் நாவலாசிரியர் ஜேம்ஸ் ஜாய்ஸின் வேறானவர். ஆங்கிலத்தைப் பரப்பிய கல்வித்துறையிலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த ஒருவர், அவ்வாங்கிலத்துள் ஐரிஷ் மொழியின் தடங்களைத் தேடிய வரலாற்றை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

இளமையும் கல்வியும்

லிமெரிக், கார்க் மாவட்டங்களின் எல்லையில் அமைந்த பாலிஹூரா மலைப்பகுதியில், பாலியார்கன் என்னும் சிற்றூரில் ஜாய்ஸ் பிறந்தார். அருகிலுள்ள கிளெனோஷீனில் வளர்ந்தார். ஐரிஷும் ஆங்கிலமும் ஒருங்கே வழங்கிய சூழல் அது. அவர்தம் தொடக்கக் கல்வி, வேலிப்பள்ளிகள் எனப்பட்ட தனியார் பள்ளிகளில் அமைந்தது. கத்தோலிக்கர் கல்விக்குச் சட்டத் தடை இருந்த காலத்தில் வேலியோரங்களில் மறைவாக நடத்தப்பட்டமையால் அப்பள்ளிகள் அப்பெயர் பெற்றன. பின்னாளில் பாஸ்டன் நகரில் மருத்துவராகவும் கவிஞராகவும் விளங்கிய ராபர்ட் டுவயர் ஜாய்ஸ் இவருடைய தம்பியாவார்.

கல்விப் பணி

1831இல் நிறுவப்பெற்ற தேசியப் பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழியாயிற்று. ஐரிஷ் மட்டுமே அறிந்த சிறுவர்க்கும் அதுவே விதி. ஐரிஷில் பேசிய பிள்ளையின் கழுத்தில் தொங்கும் கோலில் வெட்டுக்குறி இட்டு, அக்குறிகளை எண்ணித் தண்டிக்கும் வழக்கம் பல ஊர்களில் நிலவியது. 1845இல் ஜாய்ஸ் கல்வி ஆணையத்தின் பணியில் சேர்ந்தார். அவ்வாண்டே தொடங்கிய பெரும்பஞ்சத்தில் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் மாண்டனர். பெருந்தொகையினர் நாட்டைவிட்டுப் புலம்பெயர்ந்தனர். ஐரிஷ் வழங்கிய மேற்கு, தெற்குப் பகுதிகளே மிகுதியும் சிதைந்தன.

1856இல் தேசியப் பள்ளிகளைச் சீரமைக்கத் தெரிவுசெய்யப்பட்ட 15 ஆசிரியருள் ஜாய்ஸும் ஒருவர். 1874 முதல் 1893 வரை டப்ளின் மார்ல்பரோ தெரு ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராக இருந்தார். அதே வேளையில் இடப்பெயர் ஆய்வு (1869), நாட்டுப்புற இசைத் தொகுப்பு (1873), ஐரிஷ் இலக்கணம் (1878) முதலிய நூல்களையும் வெளியிட்டார். அவருடைய அலுவல் ஒருபுறமும் ஆய்வு மறுபுறமும் நின்றன.

வழக்குத் தொகுப்பு

1892இல், பேச்சுவழக்குச் சொற்களையும் தொடர்களையும் அனுப்புமாறு செய்தித்தாள்கள் வாயிலாக மக்களை ஜாய்ஸ் வேண்டினார். பலரும் தத்தம் ஊர் வழக்குகளை எழுதியனுப்பினர். அவற்றுடன் தம் இளமை நினைவுகளையும் சேர்த்து, அயர்லாந்தில் நாம் பேசும் ஆங்கிலம் என்னும் பொருள்படும் நூலை 1910இல், தம் 83ஆம் அகவையில் வெளியிட்டார். 13 இயல்கள் கொண்ட அந்நூல் பழமொழி, உவமை, உயர்வுநவிற்சி, வாழ்த்து, ஆணையிடுதல் ஆகியவற்றைத் தனித்தனியே வகுத்துரைக்கிறது.

வழக்குகளின் தோற்றுவாயை அவர் மூன்றாகப் பகுத்தார்: ஐரிஷ் மொழி, பழைய ஆங்கில, ஸ்காட்லாந்து வழக்குகள், அயர்லாந்திலேயே தோன்றி வளர்ந்தவை. சற்றுமுன் முடிந்த செயலைக் குறிக்கப் பின் எனப் பொருள்படும் ஆஃப்டர் என்னும் சொல்லை ஆளுதலும், வழக்கமான செயலுக்கு டூ, பி ஆகிய இரண்டையும் இணைத்துக் கூறுதலும் முதல் வகையின. பிறிதொரு வழக்கு, எதிர்மறையால் உடன்பாட்டை உணர்த்துவது: உணவு தீங்கு செய்யாது என்றால், மிகுந்த நன்மை தரும் என்பதே கருத்து. ஆங்கில இலக்கணத்தின்படி பிழையாகத் தோன்றும் தொடர்கள் பல, ஐரிஷில் வழுவற்ற தொடர்களின் நேர்வடிவங்கள் என்பது இந்நூலால் தெளிவாயிற்று.

முடிவுரை

ஜாய்ஸ் 1914 ஜனவரி 7ஆம் நாள் டப்ளினில் மறைந்தார். அவர் தொண்டாற்றிய பள்ளிகள் ஐரிஷின் தேய்வுக்கு ஒரு காரணமாயின என்பதை மறைத்தற்கில்லை. எனினும், அப்பள்ளிகளில் திருத்தப்பட்ட பேச்சுக்கே ஓர் இலக்கணமும் வரலாறும் உண்டு என்பதற்கான சான்றுகளைத் தொகுத்தவரும் அவரே. வகுப்பறையில் பிழையெனக் குறிக்கப்பட்டதை மொழிவரலாற்றின் ஆவணமாக்கியதே அவருடைய நிலைத்த பங்களிப்பு எனலாம்.