யுத்தத்தில் பிழைத்த கேப்டன் லட்சுமி: கான்பூர் மில் ஊரில் 60 வருஷம் பிரசவம் பார்த்தார்!

கேப்டன் லட்சுமி என்றதும் ராணுவத் தொப்பியும் துப்பாக்கியும்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். ஆனால் அவர் துப்பாக்கி பிடித்தது மூன்று வருஷத்துக்கும் குறைவு. ஸ்டெதாஸ்கோப் பிடித்ததோ அறுபது வருஷத்துக்கு மேல்! அதுவும் திருப்பூரைப் போலவே துணி, பனியன் தொழில் நடந்த கான்பூரில்.

1914 அக்டோபர் 24-ந்தேதி சென்னையில் பிறந்தவர் லட்சுமி. தந்தை சுவாமிநாதன், ஐகோர்ட்டில் பெயர் பெற்ற வக்கீல். தாயார் அம்மு சுவாமிநாதன், 1952 தேர்தலில் திண்டுக்கல் தொகுதியில் ஜெயித்து பாராளுமன்றம் போனவர். தங்கை மிருணாளினி சாராபாய், நாட்டியத்தில் உலகப் புகழ் பெற்றவர். ஆக, வீட்டில் வசதிக்குப் பஞ்சமில்லை.

1932 ஜனவரியில் திருப்பூர் வீதியில் போலீஸ் தடியடி பட்டு, கொடியை விடாமல் குமரன் சாய்ந்தபோது லட்சுமிக்கு வயது 17. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து 1938-ல் டாக்டர் ஆனார். பிரசவ வைத்தியத்தில் தனியாக டிப்ளமோவும் வாங்கினார். 1940-ல் கப்பல் ஏறி சிங்கப்பூர் போனார்.

பிழைப்புக்காகக் கடல் கடந்து போன நம்மூர்க் கூலித் தொழிலாளிகள் அங்கே ஏராளம். டாக்டரிடம் போகக் கையில் காசு இருக்காது. அவர்களுக்கு வைத்தியம் பார்க்க ஒரு ஆஸ்பத்திரி தொடங்கினார் லட்சுமி.

குண்டு மழையில்...

1941 டிசம்பர் 8-ந்தேதி சிங்கப்பூரில் ஜப்பான் விமானங்கள் குண்டு வீசின. 1942 பிப்ரவரி 15-ல் பிரிட்டிஷ் படை சரண் அடைந்தது. ஆயிரக்கணக்கான இந்திய சிப்பாய்கள் கைதிகள் ஆனார்கள். ஊரை விட்டு ஓட முடிந்தவர்கள் ஓடினார்கள். லட்சுமி ஓடவில்லை. காயம்பட்டவர்களுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு அங்கேயே இருந்தார்.

1943 ஜூலை 2-ந்தேதி நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து இறங்கினார். பெண்களுக்கென்று தனிப் படை வேண்டும் என்றார். பெண்கள் துப்பாக்கி தூக்குவதா என்று பலர் முகம் சுளித்த காலம் அது. லட்சுமி வீடு வீடாகப் போய் 20 பெண்களைத் திரட்டினார். வெள்ளைச் சேலை கட்டி, கனமான துப்பாக்கி ஏந்தி, அந்த இருபது பேரும் நேதாஜிக்கு அணிவகுப்பு மரியாதை கொடுத்தார்கள்.

அப்படிப் பிறந்ததுதான் ஜான்சி ராணி படை! அதன் தலைமை லட்சுமியிடம் வந்தது. அக்டோபர் 21-ந்தேதி அமைந்த சுதந்திர இந்திய அரசில் அவர் ஒருவர்தான் பெண் மந்திரி. மறுநாளே 150-க்கு மேற்பட்ட பெண்களுடன் பயிற்சி முகாம் திறந்தார்கள். பிறகு அவருக்குப் பதவி உயர்வு வந்தது. ஆனாலும் ஜனங்கள் வாயில் கடைசி வரை கேப்டன்தான்.

ரப்பர் தோட்டத்துப் பெண்கள்

படையில் சேர்ந்த பெண்களில் பெரும்பாலோர் தமிழர்கள். மலேயா ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டியவர்களும் அவர்கள் பிள்ளைகளும்தான் அதிகம். பலர் இந்தியாவைக் கண்ணால் பார்த்ததே இல்லை. சேலையை விட்டுக் கால்சட்டைக்கு மாறி, கூந்தலைக் கத்தரித்து, துப்பாக்கி சுடக் கற்றுக்கொண்டார்கள்.

1944-ல் படை பர்மா போனது. ஆனால் இம்பால் சண்டையில் இந்திய தேசிய ராணுவம் தோற்றுப் பின்வாங்கியது. சண்டைக்கென்று போன பெண்களுக்கு, காயம்பட்டு வந்த வீரர்களைக் காப்பாற்றும் வேலைதான் கிடைத்தது. சோறில்லை, மருந்தில்லை, மலேரியா வேறு. 1945-ல் ரங்கூனை விட்டுத் திரும்பும் வழியில் இரண்டு பெண்கள் குண்டடி பட்டு உயிர் விட்டார்கள். மற்றவர்கள் மழையிலும் சேற்றிலும் நாள் கணக்கில் நடந்தார்கள்.

லட்சுமி பர்மாவிலேயே பிரிட்டிஷ் படையிடம் சிக்கினார். மாதக்கணக்கில் காவலில் இருந்துவிட்டு 1946 மார்ச்சில்தான் இந்தியா வந்து சேர்ந்தார்.

நாடு சுதந்திரம் அடைந்த பிறகும் நேதாஜி படைக்காரர்களை இந்திய ராணுவத்தில் திரும்பச் சேர்க்கவில்லை. உயிரைப் பணயம் வைத்தவர்கள் வேலை தேடி அலைந்தார்கள்.

கான்பூர் டாக்டர் அம்மா

1947 மார்ச்சில், டெல்லி செங்கோட்டை வழக்கில் தண்டிக்கப்பட்டு விடுதலையான கர்னல் பிரேம் குமார் சேகலை லட்சுமி மணந்தார். இருவரும் கான்பூரில் குடியேறினார்கள். சேகல் ஒரு துணி மில்லில் வேலைக்குப் போனார்.

அந்தக் காலத்துக் கான்பூர் மில் சங்கு ஊதினால் விடியும் ஊர். பருத்தி மில், கம்பளி மில், பனியன் தொழில் எல்லாம் உண்டு. ஷிப்டு முடிந்து வரும் தொழிலாளியின் வீட்டில் பிரசவ வலி என்றால் லட்சுமியின் ஆஸ்பத்திரிதான் கதி. பிரிவினையில் எல்லாவற்றையும் இழந்து வந்த அகதிகளும் அங்கேதான் வந்தார்கள். கையில் காசில்லாதவர்களையும் அவர் திருப்பி அனுப்பவில்லை.

1971-ல் வங்கதேச அகதிகள் லட்சக்கணக்கில் வந்தபோது எல்லை முகாம்களுக்குப் போனார். அந்தக் காலகட்டத்தில்தான் மார்க்சிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். 1981-ல் சென்னையில் தொடங்கிய ஜனநாயக மாதர் சங்கத்தை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர்.

1984-ல் இந்திரா காந்தி கொலைக்குப் பிறகு கலவரக் கும்பல் சீக்கியர் கடைகளைத் தேடி வந்தது. எழுபது வயது லட்சுமி தெருவில் இறங்கி நின்று தடுத்தார். அதே டிசம்பரில் போபால் விஷவாயு விபத்து. அங்கேயும் டாக்டர் குழுவோடு போனார்.

1998-ல் பத்ம விபூஷண் விருது வந்தது. 2002-ல் இடதுசாரிக் கட்சிகளின் வேட்பாளராக ஜனாதிபதி தேர்தலில் நின்றார். எதிரே நின்றவர் ராமேஸ்வரத்து அப்துல் கலாம். ஜெயிப்பு கலாமுக்குத்தான் என்பது முன்பே தெரிந்த சங்கதி. இருந்தும் 87 வயதில் ஊர் ஊராகப் போய் ஓட்டுக் கேட்டார்.

தேர்தல் முடிந்தது. அம்மையார் பழையபடி ஆஸ்பத்திரிக்குத் திரும்பினார். தொண்ணூறைத் தாண்டியும் நோயாளிகளைப் பார்ப்பதை விடவில்லை.

2012 ஜூலை 23-ந்தேதி கான்பூரில் காலமானார். வயது 97. அவர் விருப்பப்படி உடலை எரிக்கவில்லை. டாக்டருக்குப் படிக்கும் பிள்ளைகள் பாடம் கற்க, கான்பூர் மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்துவிட்டார்கள்.