ஊட்டிக் குளிரில் எரியும் வண்ண மெழுகுவர்த்தி: பின்னால் இருக்கும் 102 வயது தாத்தா யார்?

குன்னூரில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால், கரன்ட் எப்போ போகும், எப்போ வரும்னு சொல்ல முடியாது. கைக்கு எட்டும் இடத்தில் மெழுகுவர்த்தி இருந்தாக வேண்டும். அதை வீட்டிலேயே அழகாகவும் செய்யலாம். பல வண்ண மெழுகுத் துண்டுகளை அச்சில் போட்டு, உருக்கிய வெள்ளை மெழுகை மேலே ஊற்றினால் போதும். மெழுகோடு ஒரு வெள்ளைப் பொடியையும் கொஞ்சம் கலப்பார்கள். அதன் பெயர் ஸ்டியரிக் அமிலம். வர்த்தி கெட்டியாக இருக்கவும், அச்சிலிருந்து சுலபமாகக் கழன்று வரவும் அது உதவும்.

அந்த அமிலத்தை உலகுக்குக் காட்டியவர் மிஷெல் யூஜின் ஷெவ்ரூல். 1786-ல் பிரான்சின் ஆன்ஷே நகரில் பிறந்த டாக்டர் வீட்டுப் பிள்ளை. 17 வயதில் பாரிஸ் வந்து வேதியியலில் இறங்கினார். 1811-ல் பன்றிக் கொழுப்பில் செய்த சோப்பு ஒன்று ஆய்வுக்காக அவர் கைக்கு வந்தது. அந்தச் சோப்பு அவரைப் பத்து வருஷத்துக்கு மேல் விடவில்லை!

அன்றைக்கு ஏழைகள் ஏற்றியது மாட்டுக் கொழுப்பு, ஆட்டுக் கொழுப்பு வர்த்தி. புகை, நாற்றம், ஒழுகல். தேன்மெழுகு வர்த்தி நன்றாக எரியும், ஆனால் விலை அதிகம். (நீலகிரியில் குறும்பர்கள் பாறைத்தேன் எடுக்கும்போது அடையிலிருந்து கிடைப்பதும் தேன்மெழுகுதான்.) கொழுப்பு என்பது ஒரே பொருள் அல்ல, கொழுப்பு அமிலங்களும் கிளிசரினும் சேர்ந்தது என்று ஷெவ்ரூல் நிரூபித்தார். அந்த அமிலங்களில் கெட்டியானதை மட்டும் பிரித்தெடுத்தால் வெள்ளையான, நாற்றமில்லாத வர்த்தி கிடைக்கும். இதை விளக்கும் அவரது புத்தகம் 1823-ல் வந்தது. இங்கே ஜான் சல்லிவன் ஊட்டியை உருவாக்கிக்கொண்டிருந்த காலம் அது.

1825-ல் கே-லுசாக்குடன் சேர்ந்து காப்புரிமை வாங்கினார். தொழில் படுத்துவிட்டது. செய்முறைக்குச் செலவு அதிகம், பொருத்தமான திரியும் அமையவில்லை. சில வருஷம் கழித்து அடால்ஃப் தெ மில்லி என்பவர் மலிவான சுண்ணாம்பைப் பயன்படுத்தினார், பின்னிய திரியையும் சேர்த்தார். பின்னிய திரியின் நுனி எரியும்போது வளைந்து தானாகவே சாம்பலாகும், அடிக்கடி கத்தரிக்க வேண்டாம். வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. கண்டுபிடித்தது ஒருவர், காசு பார்த்தது இன்னொருவர்!

ஷெவ்ரூல் அதற்குள் வேறு வேலையில் மூழ்கியிருந்தார். 1824 முதல் அவர் கோபலான் அரசுத் திரைச்சீலைக் கூடத்தின் சாயப் பிரிவுத் தலைவர். அங்கே ஒரு புகார்: கறுப்பு நூல் மங்கலாகத் தெரிகிறது, சாயம் சரியில்லை. சோதித்தார். சாயத்தில் குறையே இல்லை. பக்கத்தில் இருந்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பை மங்கலாகக் காட்டின. ஒரு நிறம் எப்படித் தெரியும் என்பதை அதன் பக்கத்து நிறமும் தீர்மானிக்கிறது. இதை 1839-ல் பெரிய புத்தகமாகவே எழுதினார். பின்னாளில் ஓவியர் சொரா போன்றவர்களுக்கு அது வழிகாட்டியானது.

நம் அச்சுக்கும் இதே கதைதான். சிவப்புத் துண்டுக்குப் பக்கத்தில் பச்சையை வைத்தால் இரண்டுமே பளிச்சிடும். ஆரஞ்சை வைத்தால் அந்த எடுப்பு வராது. மேலே ஊற்றும் மெழுகு ரொம்பச் சூடாக இருந்தால் துண்டுகள் கரைந்து நிறங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். ரொம்ப ஆறிவிட்டால் இடுக்குகள் நிரம்பாது. இதை மட்டும் கை பழகித்தான் கற்க வேண்டும்.

பிரெஞ்சுப் புரட்சிக்கு முன் பிறந்த ஷெவ்ரூல், தன் நூறாவது பிறந்தநாளைப் பாரிஸ் கொண்டாடியதையும் பார்த்தார். 1889 ஏப்ரல் 9-ல், 102 வயதில் இறந்தார். ஐஃபெல் கோபுரம் கட்டி முடிந்து பத்து நாள்கூட ஆகியிருக்கவில்லை. கோபுரத்தில் பொறித்த 72 பெயர்களில் அவருடையதும் ஒன்று.