ஷெட்டில் பூத்த தாமரை

கார் செய்யணும்னா பெரிய ஃபேக்டரி வேணும், கோடிக்கணக்குல பணம் வேணும்னுதான் நாம நினைக்கிறோம். ஆனால் ஒரு பழைய காரை ஷெட்டில் போட்டுப் பிரித்து, திரும்பக் கட்டி, அங்கிருந்தே உலகச் சாம்பியன் பட்டம் வரை போனவர் ஒருத்தர் இருக்கிறார். அவர்தான் லோட்டஸ் கார்களின் தந்தை காலின் சாப்மன்.

1928 மே 19-ல் லண்டனை ஒட்டிய ரிச்மண்டில் பிறந்தார். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிங் படித்தார். படிக்கும்போதே நண்பரோடு சேர்ந்து செகண்ட் ஹேண்ட் கார் வியாபாரமும் செய்தார். 1947-ல் அங்கே சொந்தக் கார்களுக்கான பெட்ரோல் ரேஷனை அரசு நிறுத்தியது. பெட்ரோல் இல்லாத ஊரில் கார் யார் வாங்குவா? வியாபாரம் படுத்தது. விலை போகாத ஆஸ்டின் செவன் ஒன்று கையில் தங்கிவிட்டது.

வேறு ஆளாக இருந்தால் காயலான் கடையில் எடைக்குப் போட்டிருப்பார். சாப்மனோ, காதலி ஹேஸல் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஷெட்டில் அதை நிறுத்தி, பழைய பாடியைக் கழற்றி வீசினார். அலுமினியத் தகடு ஒட்டிய பிளைவுட்டில் புது பாடி கட்டினார். 1948-ல் பிறந்த முதல் லோட்டஸ் அதுதான். லோட்டஸ் என்றால் நம்ம தாமரை!

இதற்கிடையே கடைசி வருஷக் கணக்குப் பேப்பரில் கோட்டை விட்டார். நம்ம பாஷையில் அரியர்! 1949-ல் மறுபடி எழுதித்தான் டிகிரி வாங்கினார். அரியர் வைத்திருக்கும் நண்பர்களே, மனசைத் தளர விடாதீங்க.

1951-ல் மூன்றாவது கார். ஆஸ்டின் இன்ஜினில் 4 சிலிண்டருக்கு 2 இன்லெட் போர்ட்தான். இரண்டு சிலிண்டர் ஒரே வழியாக மூச்சு வாங்கணும். சாப்மன் போர்ட் நடுவே தகடு வைத்து வழியைப் பிரித்தார். அவ்வளவுதான், பந்தயத்தில் கிட்ட நெருங்க ஆளில்லை. கடைசியில் அந்த வேலையையே தடை செய்து விதியை மாற்றினார்கள்!

1952-ல் ஹேஸலிடம் 25 பவுண்டு கடன் வாங்கி, அப்பாவின் ஹோட்டலுக்குப் பின்னால் இருந்த குதிரை லாயத்தில் கம்பெனி தொடங்கினார். 1954-ல் ஹேஸலையே மணந்தார். காரை முழுசாக விற்காமல், வாங்குபவரே வீட்டில் பூட்டிக்கொள்ளும்படி பாகங்களாக விற்றார். காரணம் வரி. 1957-ல் வந்த லோட்டஸ் செவன் முழுக் காராக 1036 பவுண்டு. பாகங்களாக வாங்கினால் வரி கிடையாது, 536 பவுண்டுதான். பூட்டும் முறையை எழுதிக் கொடுத்தால் வரி உண்டாம். அதனால் கழற்றும் முறையை அச்சடித்துக் கொடுத்து, கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கச் சொன்னார்கள் என்று ஒரு கதை உண்டு!

செவனின் உடம்பு மெல்லிய இரும்புக் குழாய்களை முக்கோணம் முக்கோணமாக வெல்டிங் செய்த கூடு. நாம் அப்ளைடு மெக்கானிக்ஸில் போடும் டிரஸ் கணக்குதான் அது! மேலே அலுமினியத் தகடு. உள்ளே சாதாரண 1172 சிசி ஃபோர்டு இன்ஜின், சுமார் 40 குதிரைத்திறன். மொத்த எடை 500 கிலோகூட இல்லை. அதான் பறந்தது. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த சம்பளக்காரனும் ஸ்போர்ட்ஸ் காருக்குச் சொந்தக்காரன் ஆனான்.

எடையைக் குறை என்பதே அவருடைய வேதம். 1962-ல் ஃபார்முலா ஒன்னுக்குக் குழாய்க் கூடே இல்லாத மோனோகாக் கார் கொண்டுவந்தார். 1963, 1965-ல் ஜிம் கிளார்க் அவர் காரில் உலகச் சாம்பியன். 1978-க்குள் கார் தயாரிப்பாளருக்கான பட்டம் மட்டும் 7 முறை. ஜெயித்ததும் தொப்பியைக் கழற்றி வானத்தில் வீசுவார்.

ஆனால் நண்பர்களே, இன்னொரு பக்கமும் உண்டு. 1970 செப்டம்பர் 5, இத்தாலியின் மோன்ஸா. பயிற்சி ஓட்டத்தில் லோட்டஸ் ஓட்டிய யோகன் ரிண்ட் தடுப்பில் மோதி இறந்தார். முன் பிரேக் ஷாஃப்ட் உடைந்திருந்தது. தடுப்பைச் சரியாக அமைக்காததே சாவுக்குக் காரணம் என்றது விசாரணை. இருந்தாலும் ஷாஃப்ட் உடைந்தது உடைந்ததுதானே? அந்த வருஷ உலகச் சாம்பியன் ரிண்ட்தான். ஆனால் பட்டம் வாங்க அவர் இல்லை.

பரீட்சைக்காக மட்டும் நாம் மனப்பாடம் செய்கிற ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி ஒரு வெறும் எண் இல்லை, ஒரு உயிர். சாப்மனைப் படித்தபிறகுதான் இது எனக்கு உறைத்தது.

கடைசிக் காலமும் நிம்மதியாக இல்லை. டிலோரியன் கார் திட்டத்தில் பணம் மாயமான விவகாரத்தில் அவர் பெயரும் அடிபட்டது. விசாரணை முடியும் முன்பே 1982 டிசம்பர் 16-ல் மாரடைப்பில் காலமானார். வயது 54தான்.

அவர் போனாலும் செவன் போகவில்லை. 1973-ல் அதன் உரிமையைக் கேட்டர்ஹாம் நிறுவனம் வாங்கியது. இன்றும் பாகங்களாக வாங்கி வீட்டு ஷெட்டில் பூட்டுகிறார்கள். பழையதைப் பிரித்துப் புதுசாகக் கட்டுகிறார்கள்.

ஆகவே தோழர்களே! ஒர்க்‌ஷாப்பில் பழைய இன்ஜின் கிடைத்தால் கை கூசாமல் பிரியுங்கள், மறுபடி பூட்டுங்கள். பூட்டி முடித்ததும் ஒரு நட்டு மிச்சம் இருந்தால் சிரித்துவிட்டுப் போகாதீங்க. இன்னொரு தடவை பிரியுங்கள். அதை ஓட்டப்போகிறவன் நம்மை நம்பித்தான் ஏறி உட்காருகிறான்!