குளிர்காலத்தில் பூச்சி கட்டியவர்: தியோடர் கார்டன்



தூண்டில் என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது மண்புழுவும் தக்கையும்தான். மீன்பிடிப்பில் இன்னொரு வகையும் உண்டு. தூண்டில் முள்ளின் மேல் இறகையும் பட்டு நூலையும் சுற்றிக் கட்டி, பார்க்க நிஜப் பூச்சி போலவே ஆக்கி, அதை நீரின் மேல் மிதக்கவிட்டு மீனை ஏமாற்றுவார்கள். ஆங்கிலத்தில் இதை 'ஃப்ளை' என்பார்கள். நாம் பொய்ப்பூச்சி என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்காவில் இந்தக் கலைக்குத் தந்தை என்று போற்றப்படும் தியோடர் கார்டனைத்தான் இந்த இதழில் நீங்கள் சந்திக்கப் போகிறீர்கள்.

கார்டன் 1854-இல் பிட்ஸ்பர்க் நகரில் பிறந்தார். சிறு வயதிலிருந்தே உடம்பு பலவீனம். தாடியஸ் நாரிஸ் என்பவர் 1864-இல் வெளியிட்ட தூண்டில் நூல் ஒன்று அவர் கைக்குக் கிடைத்தது. பூச்சி கட்டுவதை அதைப் படித்தே பழகினார். கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை. பிற்காலத்தில் நியூயார்க் நகருக்கு வடமேற்கே உள்ள கேட்ஸ்கில் மலைப்பகுதிக்குப் போய், நெவர்சிங்க் ஆற்றின் கரையிலேயே தங்கிவிட்டார்.

அந்த மலை ஆறுகள் அப்போது பெரிய மாற்றத்தில் இருந்தன. தோல் பதனிடும் தொழிலுக்குப் பட்டை வேண்டும் என்று ஹெம்லாக் மரங்களை மலை மலையாக வெட்டித் தள்ளியிருந்தார்கள். நிழல் போனதும் ஆற்று நீர் சூடேறியது. குளிர்ந்த நீரில் மட்டுமே வாழும் உள்ளூர் டிரவுட் மீன்கள் மேல் ஓடைகளுக்கு ஒதுங்கின. (ஊட்டி பக்கம் அவலாஞ்சிக்குப் போனவர்கள் டிரவுட் என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள்.) 1883-இல் ஜெர்மனியிலிருந்து பழுப்பு டிரவுட்டின் முட்டைகள் அமெரிக்கா வந்தன. கொஞ்சம் சூடான நீரையும் தாங்கும் மீன் அது. ஆனால் மகா உஷார். அதுவரை அங்கே புழங்கிய பளபளப்பான பூச்சிகளைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

இங்கிலாந்தில் ஃபிரெடரிக் ஹால்ஃபோர்ட் என்பவர் மிதக்கும் பொய்ப்பூச்சிகளைப் பற்றி நூல்கள் எழுதியிருந்தார். கார்டன் அவருக்கு ஒரு கடிதம் போட்டார். 1890 பிப்ரவரியில், தாம் பயன்படுத்தும் பூச்சிகளையே மாதிரியாக வைத்து ஹால்ஃபோர்ட் பதில் அனுப்பினார். முன்பின் பார்த்திராத ஒருவருக்குக் கடல் கடந்து வந்த பரிசு அது.

கார்டன் அந்த மாதிரிகளை அப்படியே நகல் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. ஏனென்று கேட்டால், ஹால்ஃபோர்டின் ஆறுகள் சமவெளியில் மெல்ல, தெளிவாக ஓடுபவை. நெவர்சிங்க்கோ பாறைகளில் மோதிப் பாயும் மலை ஆறு. அங்குள்ள பூச்சிகளும் வேறு. ஆகவே தன் ஆற்றில் பறக்கும் பூச்சிகளை உற்றுக் கவனித்து, அவற்றுக்கு ஏற்றபடி கட்ட ஆரம்பித்தார்.

இதில் பெரும்பகுதி வேலை நடந்தது குளிர்காலத்தில். பனிக்காலத்தில் அப்போது டிரவுட் பிடிக்க முடியாது. பருவம் முடிந்ததும் தூண்டிலை மூலையில் சாத்திவிட்டு அடுத்த வசந்தத்துக்காகக் காத்திருக்க வேண்டியதுதான். மற்றவர்களுக்கு அது சும்மா இருக்கும் காலம். கார்டனுக்கு அதுதான் உழைக்கும் காலம். வெளியே பனி கொட்ட, அடுப்பருகே உட்கார்ந்து இறகுகளைத் தரம் பிரித்தார், பூச்சிகளைக் கட்டினார், விற்றார். லண்டனிலும் நியூயார்க்கிலும் வெளிவந்த மீன்பிடி இதழ்களுக்கு எழுதினார். இங்கிலாந்தின் ஸ்கூஸ் போன்ற வல்லுநர்களோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தார்.

அவர் பெயரைச் சொல்லும் பூச்சி 'குவில் கார்டன்'. அது மேஃப்ளை என்ற பூச்சியின் சாயலில் கட்டப்பட்டது. மேஃப்ளை ஏறக்குறைய ஓராண்டு நீருக்கடியில் வளரும். சிறகு முளைத்து வெளியே வந்தபின், நம் ஊர் ஈசலைப் போல, ஓரிரு நாளில் ஆயுள் முடிந்துவிடும். குவில் கார்டனின் சிறகு ஒருவகைக் காட்டு வாத்தின் விலா இறகு. உடம்புக்கு நம் மயில் தோகையின் கண் பகுதியிலிருந்து ஓர் இழை. அதன் தூவியை உருவிவிட்டு முள்ளில் சுற்றினால், வெளிர் பட்டையும் கரும்பட்டையும் மாறி மாறி வந்து பூச்சி வயிற்றின் வளையங்கள் போலவே தெரியும். கழுத்தருகே சேவலின் விறைப்பான இறகைச் சுற்றுவார். அந்த விறைப்புதான் பூச்சியைப் பாயும் நீரிலும் மூழ்காமல் நிறுத்தும்.

லிபர்ட்டி என்ற பக்கத்து ஊரின் தபால் ஊழியர் ராய் ஸ்டீன்ராடுக்குக் கார்டன் இந்தக் கைவேலையைக் கற்றுக்கொடுத்தார். 1915 மே 1-ஆம் தேதி, காசநோயால் கார்டன் இறந்தார். அவருக்கு வயது 60. நெவர்சிங்க்கில் அந்த மேஃப்ளைகள் சிறகு முளைத்து எழும் பருவம் அது.

1950-களில், நியூயார்க் நகரத்தின் குடிநீருக்காக நெவர்சிங்க்கின் குறுக்கே அணையைக் கட்டி முடித்தார்கள். ஆங்கிலத்தில் பிரித்துப் படித்தால் 'மூழ்கவே மூழ்காது' என்று பொருள்படும் பெயர் அது. அந்தப் பெயர் கொண்ட பழைய ஊரும், கார்டன் தூண்டில் வீசிய ஆற்றுப் பகுதியும் நீருக்குள் போய்விட்டன. மாநகரத்துக் குழாய்களில் இன்று வரும் தண்ணீரில் ஒரு பங்கு அங்கிருந்துதான் வருகிறது.

ஆனால் கைவேலை மூழ்கவில்லை. ஸ்டீன்ராட் 'ஹென்ட்ரிக்சன்' என்ற புதிய பூச்சியை உருவாக்கினார். ஊர்ச் சிறுவர்களுக்கும் கட்டக் கற்றுக்கொடுத்தார். ஹால்ஃபோர்ட் கார்டனுக்குக் கொடுத்தார், கார்டன் ஸ்டீன்ராடுக்குக் கொடுத்தார், அவர் சிறுவர்களுக்குக் கொடுத்தார். கேட்ஸ்கில் பாணி என்ற பெயரில் அந்தப் பூச்சிகளை உலகெங்கும் இன்றும் கட்டுகிறார்கள்.

நம் குடியிருப்பிலும் தையல், கோலம், மரவேலை, தோட்டவேலை என்று கைத்திறன் உள்ளவர்கள் பலர் இருக்கிறீர்கள். கோடை விடுமுறையில் பிள்ளைகள் சும்மாதான் இருப்பார்கள். ஒருவரையாவது பக்கத்தில் உட்காரவைத்துக் கற்றுக்கொடுங்களேன்.